குடும்ப ஜெபம் அணையலாமா?



உங்கள் தோட்டத்தில் வேதக்காரர் வீடு எத்தனை இருந்தது என்று சற்று எண்ணிப் பாருங்கள். ஐம்பது அறுபது குடும்பங்கள் வாழ்ந்த லயத்தில் நாலு வீடு, மிஞ்சினால் பத்து வீடு இருந்திருக்கும். அவர்களுக்கென்று கோயில் எழும்பிய தோட்டங்கள் உண்டு. ஒரு தகரக் கொட்டகைகூட இல்லாத தோட்டங்களும் உண்டு. போதகரோ பாதிரியாரோ பட்டணத்திலிருந்து வந்து போவது எப்போதோ ஒரு முறை. பைபிளை எழுத்துக் கூட்டாமல் வாசிப்பவர் லயத்துக்கு ஒருவர் இருந்தால் பெரிது. அப்படியிருந்தும் அந்த நாலு வீட்டாரும் தங்கள் விசுவாசத்தைப் பாட்டனிடமிருந்து தகப்பனுக்கும், தகப்பனிடமிருந்து பிள்ளைக்கும் சிந்தாமல் சேர்த்து வைத்தார்கள். எப்படி?

விளக்கு வைத்த பிறகு வீட்டார் எல்லாரும் பாயில் உட்கார்ந்து சொன்ன ஜெபத்தால்தான். கோயில் இல்லாத தோட்டத்தில் வீடே கோயிலாயிற்று. குருவானவர் இல்லாத நாளில் தாயே குருவானாள்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீட்டுமனைகளாகி, மக்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்த இந்தக் காலத்தில் அந்த ஜெபம் என்ன ஆயிற்று? பட்டணத்தில் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. ஞாயிறுதோறும் தமிழில் ஆராதனை நடக்கிறது. ஆனால் வீட்டில்? இந்தக் கேள்வியைத்தான் உங்களோடு உட்கார்ந்து பேச விரும்புகிறேன். இந்து சமய அன்பர்களும் தொடர்ந்து படியுங்கள். உங்கள் வீட்டுச் சாமி மாடத்தில் மாலை விளக்கு இன்னும் எரிகிறதா என்பதும் இதே கேள்விதானே!

மணியடித்து அழைத்தவர்

தமிழர் வீட்டில் கிறிஸ்துவ ஜெபம் நுழைந்த கதை சுவையானது. புனித பிரான்சிஸ் சவேரியார் 1542-ஆம் ஆண்டு தமிழகத்தின் முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்தார். தமிழ் அவருக்குத் தெரியாது. தமிழும் போர்த்துகீசும் அறிந்தவர்களை உட்கார வைத்து, விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், ஆண்டவர் கற்பித்த ஜெபம் ஆகியவற்றைத் தமிழில் எழுதச் செய்து, தாமே மனப்பாடம் செய்தார். பிறகு கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு மீனவர் தெருக்களில் அடித்துக்கொண்டே நடந்தார். மணியோசை கேட்டு ஓடி வந்தவர்கள் சிறுவர் சிறுமியர். அவர்களுக்குக் கற்பித்து, "வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கும் அண்டை அயலாருக்கும் சொல்லிக் கொடுங்கள்" என்று அனுப்பினார். நோயாளிகள் அழைத்த இடத்துக்கெல்லாம் தாம் போக முடியாதபோது, ஜெபம் கற்ற பிள்ளைகளை அனுப்பி வைத்தார்.

அதே சவேரியார் 1545-இல் நம் மலாக்காவுக்கு வந்து சேர்ந்தார். அங்கும் மணி ஒலித்தது. 1552-இல் சீனக் கரையோரத் தீவொன்றில் அவர் இறந்தபின், 1553-இல் அவருடைய உடல் மலாக்கா குன்றின்மேல் உள்ள கோயிலில் சில மாதங்கள் வைக்கப்பட்டிருந்து, பிறகு கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டது. இன்று பிள்ளைகளைச் சுற்றுலாவாக அந்தக் குன்றுக்கு அழைத்துப் போகிறோம். "தமிழில் ஜெபம் சொல்லக் கற்ற ஒருவர் ஏறிய மலை இது" என்று அவர்களிடம் சொல்ல மறந்துவிடாதீர்கள்.

சவேரியாருக்குப் பின் ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். ஒரு தமிழ் வாத்தியாரைப் பள்ளியோடு தம் இருப்பிடத்துக்கே வரவழைத்து, சின்னப் பிள்ளைகளோடு தாமும் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதி அ, ஆ கற்றார். பள்ளி ஆசிரியனாகிய எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் பெருமையாக இருக்கும். அப்படிக் கற்ற தமிழில் அவர் பெயர்த்த புதிய ஏற்பாடு 1714, 1715-ஆம் ஆண்டுகளில் தரங்கம்பாடியிலேயே அச்சாயிற்று. 1733-இல் ஆரோன் என்னும் தமிழரே போதகராக அபிஷேகம் பெற்றார்.

இரண்டு கதைகளிலும் ஒன்றைக் கவனித்தீர்களா? தொடக்கத்தில் இருந்தவர்கள் பிள்ளைகள். பெரிய பிரசங்க மேடை பிறகு வந்தது.

உபதேசியார் வந்த வழி

மலாயாவுக்கும் சிங்கைக்கும் கப்பலேறி வந்த தமிழரில் கிறிஸ்துவர்களும் இருந்தார்கள். தகரப் பெட்டிக்குள் வேட்டி சேலையோடு ஜெபப் புத்தகமும் வந்தது. அவர்களைத் தேடி மிஷன்களும் வந்தன. சிங்கப்பூரில் தமிழ்க் கத்தோலிக்கருக்காக ஓஃபிர் சாலையில் லூர்து மாதா ஆலயம் 1888-இல் எழுந்தது. மெதடிஸ்ட் மிஷன் 1885-இல் சிங்கப்பூரில் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஓல்டம், பெங்களூரில் பிறந்தவர். இரயில்வே குடியிருப்புகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸில் தமிழ் லுத்தரன் மக்களின் சீயோன் ஆலயம் நிற்கிறது. கல்வியைப் பற்றிச் சொல்வதானால், காப்பார் மெதடிஸ்ட் தமிழ்ப்பள்ளி, ஈப்போ செயின்ட் பிலோமினா கான்வென்ட் தமிழ்ப்பள்ளி, தைப்பிங் செயின்ட் தெரசா கான்வென்ட் தமிழ்ப்பள்ளி என்று பெயர்களே சாட்சி சொல்கின்றன.

ஆனால் லயத்து வாசலுக்கு வந்தவர் யார்? பிஷப்பும் வரவில்லை, பெரிய துரைமகனும் வரவில்லை. உபதேசியார் வந்தார். நம்மைப் போல ஒரு தமிழர். சம்பளம் சொற்பம். சைக்கிளை மிதித்தோ, நடந்தோ, செம்மண் சாலையில் தோட்டம் தோட்டமாகப் போனார். மாலையில் போய்ச் சேர்வார். யாராவது ஒரு வீட்டில் கஞ்சியோ சோறோ கிடைக்கும். பிறகு அரிக்கன் விளக்கு வெளிச்சத்தில் ஒரு கீர்த்தனை, ஒரு வேத வாசிப்பு, ஒரு ஜெபம். பிறந்த பிள்ளை, நோயாளி, சண்டையிட்டுப் பிரிந்த புருஷன் பெண்டாட்டி என்று எல்லா வீட்டு விவரமும் அவருக்குத் தெரியும். சிலர் அவரை ஐயா என்றார்கள், சிலர் வாத்தியார் என்றே அழைத்தார்கள்.

அந்த உபதேசியாரும் தினம் வர முடியாது. அவர் விட்டுப் போன இடத்திலிருந்து அடுத்த முறை அவர் வரும் வரையில் தாங்கிப் பிடித்தது வீட்டு ஜெபம்.

அதன் பலம் ஜப்பான்காரன் காலத்தில் தெரிந்தது. 1942-இல் ஆங்கிலேய, ஐரோப்பிய மிஷனரிமார் பலரும் சிறையிலும் முகாம்களிலும் அடைக்கப்பட்டார்கள். வெளிநாட்டுப் பணம் நின்றது. 415 கிலோ மீட்டர் நீளமான சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டத் தமிழர் பல்லாயிரவரைக் கொண்டு போனார்கள். திரும்பாதவர் எத்தனையோ பேர். அந்த இருட்டில் சபைகளைத் தாங்கியவர்கள் உள்ளூர்ப் போதகர்களும் உபதேசிமாரும் சாதாரண விசுவாசிகளும்தான். 1945-இல் போர் ஓய்ந்தபோது சபைகள் அழிந்து போகவில்லை. வேர் வீட்டுக்குள் இருந்தது.

ஒற்றை அறையில் ஒரு ஜெபம்

மத்தேயு நூல் 6-ஆம் அதிகாரத்தில் இயேசு ஜெபத்தைப் பற்றிப் பேசுகிறார். பிறர் பார்க்கத் தெருமுனையில் நின்று ஜெபிக்க வேண்டாம், உன் அறைக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டு ஜெபி என்பது அதன் கருத்து. லயத்து வீட்டில் இருந்ததோ ஒரே அறை! கதவை அடைத்தாலும் பக்கத்து வீட்டு இருமல் கேட்கும். ஆகவே நம்மவர் ஜெபம் எப்போதும் அண்டை வீட்டாருக்கும் கேட்டது. அதனால் ஒரு நன்மையும் விளைந்தது. மாலையில் ஜெபம் சொன்ன வாய், இரவில் கெட்ட வார்த்தை பேசக் கூசியது.

அதே அதிகாரத்தில்தான் ஆண்டவர் கற்பித்த ஜெபமும் இருக்கிறது. சீர்திருத்த சபையார் பரமண்டல ஜெபம் என்பர். கத்தோலிக்கர் வேறு சொற்களில் சொல்வர். பொருள் ஒன்றே. அதைத் தோட்டத்துக் கண்ணோடு பார்த்தால் ஒவ்வொரு விண்ணப்பமும் நமக்கென்றே வைத்தது போலிருக்கும்.

அன்றன்றைக்கு வேண்டிய உணவை இன்று தாரும் என்று அந்த ஜெபம் கேட்கிறது. மாதச் சம்பளக்காரருக்கு அது அழகான வாக்கியம். பால் வெட்டுக்காரருக்கு அது கணக்கு. விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் மரத்தில் கத்தி வைக்க முடியாது. வெட்டாத நாளுக்குக் கூலி எங்கே? பெரட்டுக்குக் கிளம்புமுன் வானத்தைப் பார்த்த அத்தனை பேரும், வாய் திறந்தோ திறவாமலோ, இந்த ஜெபத்தைத்தான் சொன்னார்கள். ஆண்டுத் தொடக்கத்தில், வடக்கத்தி மாநிலங்களில் பெரும்பாலும் பிப்ரவரியிலிருந்து, ரப்பர் மரம் இலை உதிர்க்கும். பால் குறையும், வருமானம் குறையும். கிறிஸ்துவரின் தவக்காலமும் பெரும்பாலும் அந்த வாரங்களிலேயே வரும். நோன்பு காலமும் இல்லாத காலமும் கைகோத்து வந்ததால், தவத்தைப் பற்றித் தோட்டத்தாருக்கு அதிகம் போதிக்கத் தேவையிருக்கவில்லை.

எங்களுக்குத் தீங்கு செய்தவர்களை நாங்கள் மன்னிப்பது போல எங்களையும் மன்னியும் என்பது அடுத்த விண்ணப்பம். பொதுக் குழாயடியில் வாளி வைத்த வரிசைக்காகவும், அடுத்த வீட்டுக் கோழி நம் கீரைப் பாத்தியைக் கிளறியதற்காகவும் ஆறு மாதம் பேசாமலிருந்த குடும்பங்களை நமக்குத் தெரியும். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்கள் மாலையில் இந்த வரிக்கு வந்ததும் தொண்டையில் முள் சிக்கியது போல நின்றிருப்பார்கள். ஜெபம் மனிதனைக் கேள்வி கேட்கும் இடம் அதுதான்.

ஜெபத்தை மட்டும் நம்பிக் கைகட்டி உட்காரவும் நம் பெரியவர்கள் சொல்லித் தரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சலென்றால் ஜெபமும் செய்தார்கள், மருந்தகத்துக்கும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கூலியில் அநியாயம் நடந்தால் ஜெபமும் செய்தார்கள், தொழிற்சங்கத்துக்கும் போனார்கள். முழங்காலும் பாதமும் ஒரே காலில்தானே இருக்கின்றன!

பிடி அரிசியில் நடந்த ஊழியம்

மிஷன் ஊழியம் என்றதும் பலருக்கு வெள்ளைக்காரத் துரையும், ஒலிபெருக்கியும், துண்டுப் பிரசுரமும் நினைவுக்கு வருகின்றன. அதற்கு முன் ஒரு பிடி அரிசியை நினையுங்கள்.

1903-இல் திருநெல்வேலித் தமிழ்க் கிறிஸ்துவர்கள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். அதற்கு முன்னின்றவர்களில் ஒருவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. நம் ஆள், நம் பணம், நம் நிர்வாகம் என்பதே அவர்கள் கொள்கை. அசரியா பின்னர், 1912-இல், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப்பானார். இந்தியாவின் வடகிழக்கே உள்ள மிசோரத்தில் பெண்கள் ஒவ்வொரு வேளைச் சமையலுக்கும் அரிசி எடுக்கும்போது ஒரு பிடியை ஒதுக்கி வைத்தார்கள். சேர்ந்ததைச் சபைக்குக் கொடுத்து, சபை அதை விற்று ஊழியம் செய்தது. நூறு ஆண்டுக்கு மேலாக நடந்து வரும் வழக்கம் இது. பணக்கார நாடல்ல, பணக்காரச் சபையும் அல்ல. அரிசிப் பானைக்குள் கைவிட்ட தாய்மார்களின் ஊழியம்.

நம் தோட்டத்து ஊழியமும் அந்த வகைதான். பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சோறு கொண்டு போனது ஊழியம். இழவு வீட்டில் அடுப்பு எரியாத நாளில் கஞ்சி காய்ச்சி ஊற்றியது ஊழியம். அந்த வீட்டார் இந்துவா வேதக்காரரா என்று யாரும் கேட்டதில்லை. கிறிஸ்மஸ் பலகாரத் தட்டு எல்லா வாசலுக்கும் போயிற்று, தீபாவளித் தட்டு திரும்பி வந்தது. புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவைப் பாருங்கள். 1846-இல் ஒரு சிற்றாலயமாகத் தொடங்கிய அந்தத் தலம் 2019-இல் பசிலிக்கா என்னும் உயர்வு பெற்றது. ஜூலை 26-ஐ ஒட்டி அங்கே மெழுகுவத்தி ஏற்ற வருவோரில் கிறிஸ்துவரல்லாதாரும் ஏராளம். தாயின் வாசலில் யாரும் சாதி சமயம் கேட்பதில்லை.

இன்று ஊழியத்தின் தேவை மாறியிருக்கிறது, குறையவில்லை. பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் இல்லாமல் தவிக்கும் பிள்ளை உங்கள் மாடியிலேயே இருக்கலாம். அவன் தாயோடு பதிவு அலுவலகத்துக்கு ஒரு நாள் துணைக்குப் போவது ஊழியம். மாலையில் நாலு பிள்ளைகளை உட்கார வைத்து வீட்டுப்பாடம் பார்ப்பது ஊழியம். குடியை விட முயலும் மனிதரைக் கேலி செய்யாமல் தேநீர் கொடுத்து உட்கார்ந்து பேசுவது ஊழியம். ஆனால் இவையெல்லாம் எங்கிருந்து பிறக்கும்? "இன்று யாருக்கு என்ன தேவை?" என்று மாலைதோறும் கேட்டுப் பழகிய வீட்டிலிருந்துதான் பிறக்கும்.

பன்னிரண்டாவது மாடியில்

நான் அறிந்த ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். தோட்டம் கைமாறியதும் பட்டணத்து அடுக்குமாடிக்கு வந்தார்கள், பன்னிரண்டாவது மாடி. தகப்பனாருக்குப் பாதுகாவலர் வேலை, இரவு முறை. தாய் தொழிற்சாலையில். மூத்த பையனுக்குப் பதினைந்து வயது. ஜெபத்தை நிறுத்துவோம் என்று யாரும் முடிவு செய்யவில்லை. ஒரு நாள் அப்பா இல்லை. மறுநாள் அம்மாவுக்கு மிகை நேர வேலை. மூன்றாம் நாள் ஆளுக்கொரு கைப்பேசி. ஒரு வருடம் இப்படிப் போயிற்று. பாட்டி மட்டும் கட்டிலில் தனியே உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

பையன் பள்ளிக்குப் போகாமல் கீழ்மாடியில் கூட்டம் சேர்ந்து திரிவதை மூன்று மாதம் வீட்டில் ஒருவரும் அறியவில்லை. பள்ளியிலிருந்து கடிதம் வந்தபோதுதான் தெரிந்தது. ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தார்கள், நாளுக்கு ஒரு முறைகூட ஒன்றாக உட்காரவில்லை. தகப்பனார் கையை ஓங்கினார். பாட்டிதான் தடுத்து, "அடிக்கிறது அப்புறம் இருக்கட்டும் ஐயா. நாளையிலிருந்து நீ வேலைக்குக் கிளம்புமுன்னே எல்லாரும் பத்து நிமிசம் உட்காருங்க" என்றார். தாய் வேலை முடிந்து வந்து சேர்வதற்கும் தகப்பன் கிளம்புவதற்கும் நடுவே இருந்தது அரைமணி நேரம். அதில் பத்து நிமிடம் ஜெபத்துக்கு ஆயிற்று.

மறுநாளே பையன் திருந்திவிட்டான் என்று எழுதினால் அது கதையாகிவிடும். முதல் மாதம் அவன் வாயே திறக்கவில்லை. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். ஆனால் உட்கார்ந்திருந்தான். பிறகு ஒரு மாலை, "கணக்குப் பாடம் ஒண்ணும் புரியலை, அதுக்கும் சேர்த்து ஜெபம் பண்ணுங்க" என்றான். அவன் பள்ளிக்குப் போகாததன் காரணம் அன்றுதான் அவர்களுக்குப் புரிந்தது. மறுவாரம் அவனுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்க ஆள் பார்த்தார்கள். இன்று பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறான்.

பத்து நிமிடம் போதும்

நின்றுபோன ஜெபத்தை மீண்டும் தொடங்க விரும்பும் பெற்றோருக்கு ஓர் ஆசிரியன் என்ற முறையில் சில யோசனைகள்.

நேரத்தை வேலை முறைக்கு ஏற்ப வையுங்கள். ஏழு மணிக்குத்தான் ஜெபம் என்று வேதத்தில் எங்கும் இல்லை. வேலையில் இருக்கும் தகப்பனார் கைப்பேசி வழியாகச் சேர்ந்துகொள்ளலாம். மற்ற கைப்பேசிகள் அந்தப் பத்து நிமிடமும் ஒரு தட்டில் கிடக்கட்டும், அப்பாவுடையதும் சேர்த்து.

வாசிப்பைப் பிள்ளையிடம் கொடுங்கள். ஒரு சிறு பகுதி போதும். தப்பாக வாசித்தால் நடுவில் அதட்டாதீர்கள். தேசியப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் தமிழ் எழுத்தை மறந்து வரும் காலமிது. தினம் பத்து வரி உரக்க வாசிக்கும் பிள்ளைக்கு ஜெப நேரமே தமிழ் வகுப்பாகும். வகுப்பில் தடுமாறாமல் வாசிக்கும் பிள்ளைகளை விசாரித்துப் பார்த்திருக்கிறேன். வீட்டில் தேவாரமோ வேதமோ உரக்க வாசிக்கும் பழக்கம் அவர்களில் பலருக்கு உண்டு.

ஒவ்வொருவரும் அன்றைக்கு நடந்த ஒரு நல்லதைச் சொல்லி நன்றி கூறட்டும். பிறகு வீட்டுக்கு வெளியே உள்ள ஒருவரின் பெயரைச் சொல்லட்டும். இதுதான் ஊழியத்தின் வித்து. பெயரைச் சொன்னபின் மறுநாள் அவரைப் பார்க்காமல் கடந்து போக மனம் வராது.

ஜெபத்தில் குத்திக் காட்டாதீர்கள். "ஆண்டவரே, இந்த வீட்டில் ஒருவன் கணக்கில் இருபது மார்க்கு வாங்கி வந்திருக்கிறான்" என்று கண்ணை மூடிக்கொண்டு திட்டுவது ஜெபமாகாது. கடவுளிடம் கோள் சொல்வதாகும். பிள்ளைகள் ஜெபத்தை வெறுப்பது பெரும்பாலும் இதனால்தான். சொல்ல வேண்டியதைக் கண்ணைத் திறந்துகொண்டு தனியே சொல்லுங்கள்.

நீட்டி முழக்காதீர்கள். சின்னவன் தூங்கி விழும்வரை ஜெபித்தால் நாளைக்கு அவன் வர மாட்டான். பாட்டி தாத்தா இருந்தால் முடிவு ஜெபம் அவர்களுடையதாக இருக்கட்டும். அவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் ஜெபங்களும் கீர்த்தனைகளும் எழுத்தில் தேடினாலும் அந்த இராகத்தோடு கிடைக்கமாட்டா. இப்போதே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

அன்பு வாசகர்களே! 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டு மக்களில் கிறிஸ்துவர் 9.1 விழுக்காடு. அவர்களில் மிகப் பெரும்பாலோர் சபா, சரவாக் மாநிலங்களில் வாழ்கிறார்கள். தீபகற்பத்துத் தமிழ்க் கிறிஸ்துவர் ஒரு சிறு கூட்டம். சிறு கூட்டத்தை எண்ணிக்கை காப்பாற்றாது, பழக்கம்தான் காப்பாற்றும். தோட்டத்துக் கோயில் புல்டோசரில் போயிருக்கலாம். லயம் இருந்த இடத்தில் இன்று பேரங்காடி நிற்கலாம். பாய் மட்டும் உங்கள் வீட்டில் இருக்கிறது. இன்று மாலையே அதை விரித்து, வீட்டில் உள்ள மிகச் சிறிய பிள்ளையைக் கூப்பிட்டு நடுவில் உட்கார வையுங்கள். மற்றவர்கள் தாமே வந்து சேர்வார்கள்.